மூன்றாம் சுற்று

முதல் சுற்றில் அவர் வெறும் குரல்.
பதிவு எண் 0417. ஆண். வயது நாற்பத்தாறு.
தொழில் கேட்கும் கட்டத்தில்
'மற்றவை' என்பதைத் தொட்டேன்.
பட்டியலில் மயானம் இல்லை.

லிங்கராஜபுரத்து மாடியறை.
தலையணைமேல் போனைச் சாய்த்துவைத்து,
ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்ற பயிற்சிப்படி,
கேள்வியை வாசித்தேன்:
கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல்
எத்தனை நாள் இருந்தீர்கள்?

அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் நகரும் பீப் பீப்.
யாரோ கன்னடத்தில் டோக்கன் எண் கூவினார்கள்.
"இன்பமா?" என்றார்.
"இல்லாத நாளே இல்லைன்னு போட்டுக்கோ தாயி,
காலையிலேர்ந்து முப்பத்தொண்ணு ஆச்சு, வைக்கட்டுமா?"

ஒன்பது கேள்வி, நான்கு நிமிடம்.
இருபத்தேழுக்கு இரண்டு.
அந்த மே மாதத்தில்
எங்கள் கணக்குப்படி அவர் நலம்.

(இந்தக் கேள்விகளைத் தமிழாக்க
மூன்று வாரம் சண்டை போட்டிருந்தோம்.
சோர்வா, தளர்வா, வாட்டமா.
ஒருவர் அகராதி கொண்டுவந்தார்.
தபசும் மட்டும் அவள் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டாள்,
"மனசு ஒட்டலைன்னு சொல்வோம்" என்றார் அந்த அம்மா.
குழு அதை ஏற்கவில்லை.)

இரண்டாம் சுற்றில் அவர் மனைவி எடுத்தார்.
"அங்கேயே படுத்துக்கிறாரு.
இங்கே வந்தா குழாயடியில
என் குடத்தைத் தள்ளி வைக்கிறாங்க."
கேட்கச் சொல்லாத பதில். எழுத இடமில்லை.

மூன்றாம் சுற்று, நேரில்.
கல்பள்ளி கேட்டுக்குள் புங்கமரம்,
பெயர் பார்த்தேன், முதல்முறையாக: லூர்துராஜ்.
கல் பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு
பேக்கரிப் பையனிடம் இரண்டு டீ சொன்னார்.

தூக்கம் வருவதில் சிரமம்?
"அப்போ படுத்தா கட்டை மாதிரி.
இப்போ நாளைக்கு ரெண்டு மூணுதான் வருது.
இப்பத்தான் தூக்கம் போச்சு."

டேப்லெட்டில் பதினொரு சதவீதம் சார்ஜ்.

"ராத்திரி டோக்கன் கூப்பிட்டுட்டே இருக்கேன், மனசுக்குள்ள.
நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு. நாப்பத்தினாலு.
ஒரு நாள் இப்படித்தான் ஆச்சோன்னு.
நாப்பத்திமூணுக்கு ஆள் வரலையா,
இல்ல நான்தான் கூப்பிடலையா?
வெளியே வேன்ல உட்கார்ந்துட்டிருந்தாங்களோ?"
டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"இது எந்தக் கேள்வியில வரும்?"

ஆறாவதில் வரலாம் என்றேன்.
ஏறக்குறைய தினமும். மூன்று.

மொத்தம் பத்தொன்பது.
பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
"வியாழக்கிழமை ஓபியா? வியாழன்னா அன்னைக்குக் கூலி போயிடும்."
ஆதார் அட்டையோடு மடித்து
பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.
ஆய்வு எப்போது முடியும் என்று கேட்டார்.
இதுதான் கடைசி என்றேன்.
"ஓ" என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்:
0417. பெருந்தொற்றின்போது 2. முடிந்தபின் 19.
தலைகீழாக உள்ளிட்டீர்களா? சரிபார்க்கவும்.

சரிபார்க்கப்பட்டது என்பதைத் தொட்டேன்.
திரும்பவும் கேட்டார்கள்.
திரும்பவும் தொட்டேன்.

அறிக்கையில் அவர்
நான்காம் அட்டவணையின் ஒரு வரிக்குள் இருக்கிறார்,
இன்னும் இருநூற்றுப் பதினோரு பேரோடு.

பழைய அழைப்புத் தாள்களைக்
கிழித்துப்போடச் சொன்னார்கள். கிழிக்கவில்லை.
நேற்று இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு எடுத்துப் பார்த்தேன்.
0418. பெண். ஐம்பத்திரண்டு. தனியாக வசிப்பவர்.
மூன்று முயற்சிகள், பதில் இல்லை.
என் கையெழுத்துதான்.
மூன்றும் ஒரே மையில், ஒரே சாய்வில்.

மூன்று முறையும்
கூப்பிட்டேனா?